முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தும் ஆம்புலன்ஸ் காசு ஏன் கையிலிருந்து போகிறது?

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இரவு 11 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. 108ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்து வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, அடுத்த வண்டி வரக் கொஞ்ச நேரமாகும் என்று பதில் வந்திருக்கிறது. பயத்தில் தெருமுனையில் நின்ற தனியார் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதே வண்டியில் ஸ்டான்லி, அங்கே உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் தவிர வேறு எதுவும் இல்லையாம். இரண்டு நடைக்கும் சேர்த்து 6,500 ரூபாய். அப்பா இப்போது நலம், அடுத்து ஆஞ்சியோ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, இந்த 6,500 திரும்பக் கிடைக்குமா என்பது அவர் கேள்வி. கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் காப்பீடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்கு ஏன் கொடுப்பதில்லை?”

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: அந்த அட்டையில் கிடைக்காது. அவர் உண்மையில் கேட்டது இரண்டாவது கேள்வியை என்று நினைக்கிறேன். வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் 13 வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. பில், ப்ரீ-ஆத் (சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கும் ஒப்புதல்), க்ளெய்ம் இவற்றோடு மாரடித்தவன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 108 வண்டி இலவசம் என்றதும் அதுவும் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் கேட்பார்கள். இரண்டுக்கும் பணம் வருகிற வழியே வேறு. 108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2005 ஆகஸ்டில், ஹைதராபாத்தில் ஆரம்பித்த ஏற்பாடு அது. நடத்துவது ஒரு தனியார் அமைப்பு, செலவு அரசுடையது. மாநில பட்ஜெட்டும் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக வருகிற ஒன்றிய அரசின் பங்கும் சேர்ந்துதான் அந்த வண்டிகளை ஓட்டுகின்றன. ஒன்றியம் இந்த வகைச் சேவைகளின் இயக்கச் செலவில் முதல் வருடம் 60 சதவீதம், அடுத்த வருடம் 40, அதற்கப்புறம் 20 என்று தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வருகிற ஏற்பாடு அது. ஆரம்பத்தில் பந்தல் போட ஒத்தாசை, அப்புறம் வீட்டுக்காரர் பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வேறு கதை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் மாறி, 2018இல் ஒன்றியத்தின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடத்தில் 5 லட்சம் ரூபாய் வரை. இதில் அரசு காப்பீட்டு நிறுவனத்துக்கு பிரீமியம் கட்டுகிறது. நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. உங்கள் கைக்குக் காசு வருவதே இல்லை. பணம் எதற்கு என்றால் ‘பேக்கேஜ்’ என்று அவர்கள் எழுதிவைத்திருக்கிற சிகிச்சைக்கு. இன்ன ஆபரேஷன், இன்ன தொகை. ஆஞ்சியோ செய்தால் இவ்வளவு, ஸ்டென்ட் வைத்தால் இவ்வளவு. அந்தத் தொகைக்குள் படுக்கை, மருந்து, மருத்துவர், பரிசோதனை எல்லாம் அடக்கம்.

என் மேசையில் இருந்த கணினித் திரையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நோயாளியின் அட்டை எண் அடித்தால் குடும்பத்தார் பெயர்கள் வரும். நோயைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டம், பேக்கேஜ் குறியீட்டுக்கு ஒரு கட்டம், ஈசிஜியும் ஸ்கேனும் ஏற்ற ஒரு கட்டம், மருத்துவரின் குறிப்புக்கு ஒன்று. வண்டி வாடகை என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது. ஒரு நாள் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மீன் ஏலத்துக்குப் போகிறவர். அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதைக் கைக்குட்டையில் சுற்றி, இடுப்பில் செருகி வைத்திருந்தார். அதை எடுக்கும்போது கூடவே நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. பேனாவில் ‘ஆம்புலன்ஸ் 3500’ என்று மட்டும் எழுதியிருந்தது. வண்டி எண் இல்லை, தேதி இல்லை, எங்கிருந்து எங்கே என்று இல்லை. “இதுல இந்தக் காசையும் எடுத்துக்குவாங்களா சார்?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு வினாடி ஆனது. அவர் கோபப்படவில்லை, சீட்டை மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டார். அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

சரி, ஏன் இப்படி? காப்பீட்டுக்காரர்களின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மைகூட இல்லை. ஆஸ்பத்திரி செலவும் ஆம்புலன்ஸ் செலவும் ஒரே மாதிரிச் செலவு அல்ல. ஆபரேஷன் நடந்தால்தான் அதற்கான செலவில் பெரும்பகுதி. ஆம்புலன்ஸுக்கோ, நிற்கும்போதே செலவு. 108 வண்டி ஒன்றில் ஒரு பைலட், ஒரு இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர். ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள். 12 மணி நேர ஷிஃப்ட். ராத்திரி முழுக்க ஓர் அழைப்பும் வராவிட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்க வேண்டும், டீசல் இருக்க வேண்டும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிற கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்க ஆள் இருக்க வேண்டும். நாம் பணம் கொடுப்பது ஓட்டத்துக்கு அல்ல, தயாராக நிற்பதற்கு.

இதை நடைக்கு இவ்வளவு என்று காப்பீட்டிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும்? மிண்டிலிருந்து திருவொற்றியூர் போகிற ஷேர் ஆட்டோவைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நிறையாமல் கிளம்பாது. கூட்டம் உள்ள ஸ்டாண்டில்தான் நிற்கும், கத்திவாக்கத்தில் ஒற்றை ஆள் காத்திருக்கிறார் என்று வராது. நடைக்குக் காசு வாங்குகிற வண்டி பெரிய ஆஸ்பத்திரி வாசலில்தான் வரிசையாக நிற்கும். இப்போதே தனியார் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் தெரியும். இன்னொன்று, கூச்சமில்லாமல் சொல்கிறேன்: நோயாளியைக் கொண்டுவந்து விடும் வண்டிக்குக் கமிஷன் கொடுக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. ஓட்டுநருக்கு எங்கே லாபமோ அங்கே நோயாளி போவார். காப்பீட்டுப் பணமும் அதன் மேல் வந்து சேர்ந்தால், நடைகள் தேவைக்கு மேலே பெருகும். அதனால்தான் முதல் ஓட்டத்தை, அதாவது வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ஓட்டத்தை, பட்ஜெட்டில் வைத்தது சரி என்பது என் கருத்து. காப்பீடு இதற்கு ஏற்ற பாத்திரம் இல்லை.

முயற்சி நடக்காமலும் இல்லை. 2008இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரீய ஸ்வஸ்த்ய பீமா யோஜனாவில், 30,000 ரூபாய்க் காப்பீட்டுக்குள், ஒவ்வொரு முறை சேரும்போதும் போக்குவரத்துக்கு 100 ரூபாய், வருடத்துக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் என்று இருந்தது. 100 ரூபாய்க்கு அன்றைக்கே ஆட்டோகூட வந்திருக்காது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியும் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்று ஒரு காப்பீட்டுத் திட்டம் காகிதத்திலாவது ஒப்புக்கொண்டது. ஆயுஷ்மான் பாரத் வந்தபோது சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீட்டுக்குப் போன பின் 15 நாள் செலவும் பேக்கேஜுக்குள் வந்தன. மருந்தும் பரிசோதனையும்தான் அதன் பொருள்.

வெளிநாட்டில் எல்லாம் காப்பீடே கொடுக்கிறது என்று அந்தக் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஜெர்மனியில் பொதுக் காப்பீடு ஆம்புலன்ஸுக்குக் கொடுக்கிறது. நோயாளி கையிலிருந்து அதிகபட்சம் 10 யூரோ. ஆஸ்திரேலியாவின் பொதுக் காப்பீடான மெடிகேர் ஆம்புலன்ஸுக்கு ஒரு பைசா தராது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அரசே பார்த்துக்கொள்கிறது. மெல்போர்னில் இருப்பவர்கள் வருடச் சந்தா கட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி. ஆக நம் ஊர் ஏற்பாடு விசித்திரமானது ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் 6,500 ரூபாயில் இரண்டாவது நடை இருக்கிறதே, நர்சிங் ஹோமிலிருந்து ஸ்டான்லிக்கு, அங்கேதான் எனக்கும் கோபம் வருகிறது. பட்ஜெட்டுக்கும் காப்பீட்டுக்கும் நடுவில் விழுந்துபோன நடை அது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் 108 இலவசமாகக் கொண்டுபோகும். தனியாரிலிருந்து கிளம்பும்போது, என் அனுபவத்தில், அது ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். வீட்டிலிருந்தும் சாலையிலிருந்தும் வரும் அழைப்புக்கு முன்னுரிமை கொடுப்பது நியாயம்தான், அதனால் காத்திருக்க வேண்டிவரும். காத்திருக்க முடியாத நோயாளியின் குடும்பம் கையிலிருந்து கொடுக்கும். இந்த இடமாற்ற நடையைப் பேக்கேஜுக்குள் சேர்ப்பதில் நான் மேலே சொன்ன ஆபத்துகள் அவ்வளவாக இல்லை. மருத்துவர் கையெழுத்திட்ட ரெஃபரல் சீட்டு இருக்கும், கிளம்பிய நேரம் இருக்கும், சேர்ந்த நேரம் இருக்கும், இரண்டு பக்கமும் பதிவேடு இருக்கும். பொய் நடை எழுதுவது கடினம். இதைச் செய்யாமல் விட்டதற்கு எனக்கு நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை.

இது யாரோ தரும் தானமும் இல்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கூலித் தொழிலாளி ஒருவரைக் கல்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்று இடமில்லை என்று திருப்பி அனுப்பின, கடைசியில் தனியாரில் காசு கொடுத்துச் சேர வேண்டியதாயிற்று. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது உயிர்வாழும் உரிமையையே மீறுவது என்றது நீதிமன்றம். ஆரம்ப நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும், பணமில்லை என்று அரசு கை விரிக்க முடியாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. சட்டப் பாதை இருக்கிறது. 6,500 ரூபாய்க்காக அதில் ஏறச் சொல்லமாட்டேன்.

வடசென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. 108 தாமதமானதற்கு வண்டி எண்ணிக்கை மட்டும் காரணம் என்று எண்ண வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் சைரன் எதற்கு உதவும்? கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் விழுந்தால் வண்டி நின்றுவிடும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர். சந்துக்குள் புகுந்து முதலுதவி கொடுக்க 2016இல் பைக் ஆம்புலன்ஸ் கொண்டுவந்தார்கள், நல்ல யோசனை. பழைய ஆட்கள் ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடம். அந்தக் காலத்திலும் எண்ணூரிலிருந்து அங்கே வந்து சேர்வதுதான் பெரும்பாடாக இருந்திருக்கும்.

இனி உங்கள் காசுக்கு வருகிறேன். முதல்வர் அட்டை வழியாக இல்லை, ஆனால் வேறு கதவுகள் இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருந்து அதில் பெற்றோரும் சேர்ந்திருந்தால் பாலிசியில் ‘ரோடு ஆம்புலன்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு உச்சவரம்போடு இருக்கும். 2020இல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு ஆம்புலன்ஸ் 2,000 ரூபாய் வரை. அப்பா உள்நோயாளியாகச் சேர்ந்திருக்க வேண்டும். அது உங்கள் விஷயத்தில் நடந்திருக்கிறது. நீங்கள் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அப்பாவின் சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாய்க்கு மிகாமல் அவர் உங்களைச் சார்ந்தவராகப் பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் டிஸ்பென்சரியில் விவரம் கேட்டு, அவசரத்தில் வெளியே செய்த செலவு என்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், ஆவணங்கள் தெளிவாக இருப்பவர்களுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். விபத்துக்கான ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தையும், 2025 மே மாதம் வந்த 1.5 லட்சம் ரூபாய்க் காசில்லாச் சிகிச்சைத் திட்டத்தையும் உங்கள் கேள்விக்குக் கீழே சிலர் சொல்லியிருந்தார்கள். இரண்டும் சாலை விபத்துக்கு மட்டும். நெஞ்சுவலிக்குப் பொருந்தாது.

எதற்கும் முதலில் பில் வேண்டும். அந்த வண்டிக்காரரிடம் இப்போதே போய்க் கேளுங்கள், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ஆளே மாறியிருப்பார். வண்டிப் பதிவு எண், தேதி, நேரம், எங்கிருந்து எங்கே, நோயாளி பெயர், தொகை, கையெழுத்து. இரண்டு நடையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நோயாளியைக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸ் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் பில்லில் அந்த வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். தொகை அதிகம்தானா என்றும் உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். அளவுகோலுக்கு ஒன்று சொல்கிறேன்: 2021 கொரோனா இரண்டாம் அலையில் தமிழக அரசு தனியார் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் நிர்ணயித்தபோது, சாதாரண வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய், உயிர்காக்கும் கருவிகள் முழுதும் உள்ள வண்டிக்கு 4,000 ரூபாய். இது அன்றைய விலை, அன்றைய நெருக்கடிக்காகப் போட்டது, இன்றைக்கு அதைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் திருவொற்றியூரிலிருந்து ஸ்டான்லி 10 கிலோமீட்டருக்குள்தான். வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் தவிர வேறு எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அடுத்து ஆஞ்சியோ சொல்லியிருப்பதால் ஒன்று கேட்கிறேன். அட்டையில் அவர் பெயர், வயது, ரேஷன் கார்டில் உள்ளபடியே இருக்கிறதா? எழுத்து மாறியிருந்தால் ப்ரீ-ஆத் நிற்கும், அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று நாள் படுக்கையில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைநாளில் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போய் முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். நர்சிங் ஹோமில் எடுத்த முதல் ஈசிஜியின் அசல் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வெப்பத்தில் அச்சாகிற தாள், மாதக்கணக்கில் வைத்தால் மங்கிவிடும். இன்றைக்கே நகல் எடுத்து, வண்டிச் சீட்டோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு வையுங்கள்.